தஸ்தயேவ்ஸ்கியில் எதை முதலில் எடுப்பது? இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை பக்கம் சாயக்கடையில் உட்கார்ந்து புத்தகம் பேசுகிறவர்களிடம் ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி பெயரை எடுத்தால், யாராவது ஒருவர் உடனே "முதல்ல கரமாசவ் சகோதரர்கள் படி மக்கா" என்பார். பிரியத்தில்தான் சொல்கிறார், தன்னை உலுக்கிய புத்தகம் நம்மையும் உலுக்கட்டும் என்று நினைக்கிறார். ஆனால் அந்தப் பேச்சை நம்பித் தொடங்கி, பாதியில் மூடி, பிறகு இந்த எழுத்தாளர் பக்கமே வராமல் போனவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். நானும் இருபது வயதில் அப்படித்தான் தொடங்கினேன். மூத்த துறவி ஸோசிமாவின் மடத்தில் குடும்பம் மொத்தமும் கூடுகிற இடத்தில் நிறுத்தியவன் மறுபடி எடுக்க நாலு வருஷம் ஆனது.

அந்த நாவல் 1879, 80-இல் தொடராக வந்தது, 1881 தொடக்கத்தில் அவர் இறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அவரை அரித்த கேள்விகள், கடவுள், சுதந்திரம், குழந்தைகள் படும் துன்பம், எல்லாம் அதில் ஒன்றாக வந்து சேர்கின்றன. பன்னிரண்டு பாகங்கள், அப்புறம் ஒரு பின்கதை. கதையின் மையமான தந்தையின் கொலை எட்டாவது பாகத்தில்தான் நடக்கிறது. அதுவரை பொறுமையாகக் கூட நடக்க வேண்டுமென்றால், இந்த மனிதர் நம்மை வீணாக இழுத்தடிக்க மாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையை அவருடைய வேறொரு புத்தகம்தான் தர முடியும்.

இன்னும் சிலர் நாவலை விட்டுவிட்டு, ஐந்தாம் பாகத்தில் வரும் 'மகா விசாரணையாளர்' அத்தியாயத்தை மட்டும் படிக்கிறார்கள். கிறிஸ்து செவில் நகரத்துக்கு வருகிறார், மத விரோதிகளை விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபை விசாரணையாளர் அவரைச் சிறையில் அடைத்து, "ஏன் திரும்ப வந்தாய்" என்று கேட்கிறார். தனியாகப் படித்தாலும் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அது கரமாசவ் சகோதரர்களில் ஒருவனான இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் சொல்லும் கதை, அதற்குச் சற்று முன்தான் சித்திரவதைப்பட்ட குழந்தைகளைப் பற்றி அவன் கொதித்துப் பேசியிருக்கிறான், அடுத்த பாகத்தில் ஸோசிமாவின் வாழ்க்கை அதற்குப் பதிலாக வருகிறது. இதெல்லாம் இல்லாமல் படித்தால் இவானின் குரல்தான் ஆசிரியரின் குரல் என்று முடிவு கட்டிவிடுவோம். மேடைப் பேச்சுகளில் இந்தக் குழப்பத்தை எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

ஒல்லியான புத்தகம் என்றால் சுலபம் என்று நம்புவது இன்னொன்று. 'நிலவறைக் குறிப்புகள்' 1864-இல் வந்தது, இரண்டு மூன்று நாளில் முடிக்கக்கூடிய அளவுதான். ஆனால் அதன் முதல் பகுதி முழுக்க ஒரு வாக்குவாதம்: மனிதனுக்கு எது நன்மை என்று அறிவால் காட்டிவிட்டால் அவன் அப்படியே நடப்பான் என்று அன்றைக்கு ருஷ்யாவில் பேசப்பட்ட கொள்கையோடு அவர் சண்டை போடுகிறார். யாரோடு சண்டை என்று தெரியாமல் உள்ளே போனால் வெறும் கத்தலாகத்தான் கேட்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், லிஸா என்ற பெண் வருகிற இரண்டாம் பகுதியை முதலில் படித்துவிட்டு முதல் பகுதிக்குத் திரும்புங்கள். முறைப்படி இது சரியல்ல என்பார்கள், எனக்குத் தெரிந்த சிலருக்கு இப்படித்தான் அது திறந்தது.

கேரள எல்லைப்பக்கம் இருக்கிற நமக்கென்றே ஒரு தவறு உண்டு. மலையாளத்தில் பெரும்படவம் ஸ்ரீதரன் 1993-இல் எழுதிய 'ஒரு சங்கீர்த்தனம் போலெ' நாவல் வழியாகத்தான் இங்கே பலருக்கு தஸ்தயேவ்ஸ்கி அறிமுகம். 1866-இல் பதிப்பாளரின் கெடுவுக்கு அஞ்சி, தஸ்தயேவ்ஸ்கி அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்து 26 நாளில் 'சூதாடி' நாவலைச் சொல்லி எழுதவைத்த கதை, அந்த அன்னாவே பின்னால் அவருக்கு மனைவியானார். அதைப் படித்துக் கண் கலங்கியவர்கள் நேராக 'சூதாடி'யைத் தேடிப் போகிறார்கள். நல்ல நாவல்தான், ஆனால் அவசரத்தில் பிறந்த சின்ன நாவல், அவருடைய முழு உயரம் அதில் தெரியாது.

அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் 'பேய்கள்' பக்கம் போவார்கள். 1869-இல் மாஸ்கோவில் ஒரு புரட்சிக் குழு தன் சொந்த உறுப்பினரையே கொன்ற சம்பவம் அதன் விதை. முதல் பகுதி மிக மெதுவாக நகரும், அதனால் முதல் புத்தகமாக வேண்டாம். பின்னால் வாங்கும்போதும், நாயகன் ஸ்தவ்ரோகின் துறவி தீகோனிடம் போகும் அத்தியாயம் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை ஆசிரியர் அதை அன்று வெளியிட மறுத்துவிட்டார், 1922-இல்தான் அச்சில் வந்தது.

சரி, எதைத்தான் எடுப்பது? 'குற்றமும் தண்டனையும்', எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 1866-இல் வந்தது, ஆறு பகுதிகளும் ஒரு பின்கதையும். ஜூலை வெக்கையில் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் பசியோடு நடக்கும் ஒரு மாணவன், அவன் தலைக்குள் ஒரு யோசனை. முதல் பகுதி முடிவதற்குள் கொலை நடந்துவிடுகிறது, மீதி ஐந்து பகுதிகளும் அதற்கான கணக்கைத் தீர்ப்பதுதான். அசாதாரண மனிதனுக்குச் சட்டத்தை மீற உரிமை உண்டா என்ற பெரிய கேள்வி இங்கே பிரசங்கமாக வராது, அந்த மாணவன் ரஸ்கோல்நிகவின் காய்ச்சலாக, அவன் கை நடுக்கமாக, விசாரணை அதிகாரி பொர்ஃபிரியின் முன் அவன் சிரிக்கிற சிரிப்பாக வருகிறது. இவரிடம் தத்துவம் உடம்புக்குள் எப்படி இறங்குகிறது என்று இதில் ஒரு முறை பழகிக்கொண்டால் மற்ற நாவல்களில் வழி தெரியும். அதன் பிறகு 'அசடன்', கடைசியில் கரமாசவ். முதல் இரண்டையும் எம்.ஏ. சுசீலா தமிழில் தந்திருக்கிறார்.

மொழி விஷயத்திலும் நம் ஊரில் தடுமாற்றம் உண்டு. இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன் பள்ளிக்கூடம் போன தாத்தாமார் மலையாளம் படித்தவர்கள், அவர்கள் வைத்துவிட்டுப் போன 'குற்றவும் சிக்ஷயும்' அலமாரியில் இருக்கும். பேசத் தெரிகிறது, பஸ் போர்டு வாசிக்க முடிகிறது என்பதற்காக எழுத்துக்கூட்டி அதில் இறங்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனால் இரண்டாம் பகுதி தாண்ட மாட்டீர்கள். எந்த மொழியில் வேகமாகப் படிப்பீர்களோ அதில் படியுங்கள்.

பெயர்களைப் பார்த்துப் பயந்து விட்டவர்களும் அதிகம். ரோதியன் ரொமானவிச், ரோத்யா, ரஸ்கோல்நிகவ் மூன்றும் ஒரே ஆள்தான். ரொமானவிச் என்பது தகப்பன் பெயரிலிருந்து வந்தது, ரோத்யா வீட்டில் கூப்பிடும் பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப்பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறொன்று என்று வாழ்கிற நமக்கு இது புதுசா என்ன? ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நூறு பக்கத்துக்குப் பிறகு அது தேவைப்படாது.

நேரமும் பார்த்து எடுங்கள். தினம் நாலு பக்கம் என்று வைத்தால் அந்தக் காய்ச்சல் ஏறாது. ஜூன் வாக்கில் இடவப்பாதி மழை பிடித்து, ரப்பர் பால்வெட்டு நின்று, வீட்டில் உட்காருகிற நாட்கள் வருமே, அப்போது முதல் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.