மின்கலச் சேமிப்பு நிலையத்தில் தீ, பாதுகாப்புக் கண்காணிப்பு: முதன்முறையாக அமைப்பவர்களுக்கான செய்முறை

2021 ஜூலை 30 அன்று காலை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஜீலாங் நகருக்கு அருகே மூரபூல் என்னும் இடத்தில் 300 மெகாவாட் மின்கலச் சேமிப்பு நிலையமொன்றின் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய சோதனைக்குத் தேவைப்படாத மெகாபேக் என்னும், டெஸ்லா நிறுவனத்தின் பெரிய மின்கலப் பெட்டி ஒன்றைச் சாவி போட்டு அணைத்து வைத்திருந்தார்கள். அணைத்தவுடன் அதன் தகவல் தொடர்பும் கோளாறு கண்காணிப்பும் சில மின்பாதுகாப்பு ஏற்பாடுகளும் செயலிழந்தோ அரைகுறையாகவோ போயின. புதிய பெட்டியொன்று கண்காணிப்பு அமைப்போடு முழுமையாக இணைவதற்கு அப்போது 24 மணி நேரம் தேவைப்பட்டது. இந்தப் பெட்டியோ அணைக்கப்படும் முன் 13 மணி நேரமே இயங்கியிருந்தது. உள்ளே குளிர்விப்புத் திரவம் கசிந்து மின்னணுப் பகுதியில் மின்பொறி கிளம்பியபோது அதை யாருடைய திரையும் காட்டவில்லை. காற்று பலமாக வீசியதால் தீ பக்கத்துப் பெட்டிக்கும் பரவியது. யாருக்கும் காயமில்லை என்பது ஆறுதல்.

விசாரணைக்குப் பிறகு அந்த 24 மணி நேரம் 1 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பராமரிப்பு வேலை நடக்கும்போது தவிர மற்ற நேரங்களில் சாவி கொண்டு அணைக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒரு பாடத்தின் மீதுதான் நிற்கிறது: மின்கலத்தில் மின்னேற்றம் இருக்கும் நேரமெல்லாம் கண்காணிப்பும் உயிரோடு இருக்க வேண்டும். பெட்டிகளை இறக்கி, கேபிள் போட்டு, மின்னேற்றம் செய்து, "கேமராவும் சென்சாரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் வழக்கத்தை முதலில் கைவிடுங்கள்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லித்தியம் மின்கலம் ஒன்று உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாலோ, அளவுக்கு மீறிய மின்னேற்றத்தாலோ, வெளிச் சூட்டாலோ ஓர் எல்லையைத் தாண்டிச் சூடானால், அதன் உள் வேதிவினைகளே மேலும் வெப்பத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது நிற்காது. தெர்மல் ரன்அவே என்று துறையில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் முதலில் கலத்தின் வால்வு திறந்து கரைப்பான் ஆவி கசியும். பின்னர் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை பெருமளவில் வெளியேறும். புகை அதன் கூடவோ சற்றுப் பின்னரோ வரும். தீச்சுவாலை வராமலும் போகலாம். சுவாலை வராதது நல்ல செய்தி அல்ல. எரியக்கூடிய வாயு எரிந்து தீராமல் மூடிய பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்பதே அதன் பொருள்.

படி 2: மின்கலம் தானே சொல்வதைப் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு பெட்டியிலும் பி.எம்.எஸ். எனப்படும் மின்கல மேலாண்மைக் கருவி கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்துகொண்டிருக்கும். நிலையத்தின் சராசரியை மட்டும் திரையில் காட்டும் அமைப்பை ஏற்காதீர்கள். ஓர் அடுக்கில் மிகச் சூடான கலம் எது, மிகக் குறைந்த மின்னழுத்தமுள்ள கலம் எது, அந்த இரண்டும் தம் பக்கத்துக் கலங்களிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதே உங்களுக்கு வேண்டியது. ஓர் அடுக்கு முழுவதும் 34 டிகிரியில் இருப்பதைவிட, மற்றவை 27 டிகிரியில் இருக்கையில் ஒன்று மட்டும் 34 டிகிரியில் இருப்பது கூடுதல் கவனத்துக்குரியது. எச்சரிக்கை எல்லைகளைக் கலத் தயாரிப்பாளரின் தாளிலிருந்து எடுங்கள். அவற்றோடு "ஒரு நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறியது" என்ற கணக்கையும் சேர்த்துவிடுங்கள். குளிர்விப்புத் திரவத்தின் அளவு, அதன் அழுத்தம், மின்காப்புத் தடை (மின்சாரம் வெளியே கசிகிறதா என்று காட்டும் அளவு) ஆகிய மூன்றையும் அதே திரையில் கொண்டுவாருங்கள். மூரபூலில் கோளாறு கலத்திலிருந்து தொடங்கவில்லை, கசிவிலிருந்து தொடங்கியது.

படி 3: வாயுவை அளவிடுங்கள், வெளியிலிருந்தே படிக்கும்படி செய்யுங்கள்

எந்தப் படியில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சர்ப்ரைஸ் நகரிலிருந்த மெக்மிக்கன் நிலையத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வெறும் 2 மெகாவாட் நிலையம் அது. புகை உணர்த்தி வேலை செய்தது, தீயணைப்பு வாயுவும் குறித்தபடி பீய்ச்சப்பட்டது. ஆனால் அந்த வாயுவால் ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குத் தாவும் வெப்பத்தை நிறுத்த முடியவில்லை. உள்ளே எரிவாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து அறியவும் வழியில்லை. அதை வெளியேற்றும் காற்றோட்டமும் இல்லை. ஏறத்தாழ 3 மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் பெட்டி வெடித்தது. நான்கு வீரர்கள் படுகாயமடைந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் ஹைட்ரஜன் சென்சாரையும் கார்பன் மோனாக்சைடு சென்சாரையும் பொருத்துங்கள். ஹைட்ரஜன் இலேசானது, மேலேறும். ஆகவே அதன் சென்சார் கூரையை ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடத்தில் இருக்கக் கூடாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் எரியக்கூடியதாகிவிடும். என்.எஃப்.பி.ஏ. 69 என்னும் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலை, எரிவாயுவை இந்தக் கீழ்வரம்பின் 25 சதவீதத்துக்குள், அதாவது ஹைட்ரஜனாக இருந்தால் காற்றில் 1 சதவீதத்துக்குள், வைத்திருக்கச் சொல்கிறது. அந்த அளவை எட்டும்வரை காத்திராமல் அதற்கு வெகு முன்பே வெளியேற்று விசிறி தானாக ஓடத் தொடங்குமாறு அமைத்து, விசிறிக்கும் சென்சாருக்கும் தனி மின்கல ஆதரவு கொடுங்கள். விபத்தின்போது பெட்டியின் மின்சாரம் துண்டிக்கப்படும் என்பதை மறவாதீர்கள். வாயு அளவு, வெப்பநிலை, விசிறி நிலை மூன்றையும் காட்டும் பலகையைப் பெட்டியின் மேல் அல்ல, நுழைவாயில் அருகே வையுங்கள்.

படி 4: புகை உணர்த்தியும் கேமராவும்

புகை உணர்த்தி கட்டாயம் வேண்டும். ஆனால் அது தரும் அறிகுறிக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் நிலையத்தில், காற்றுக் கருவியொன்றின் பேரிங் பழுதாகிச் சிறிது புகை வந்தது. நிரல் பிழையால் குறித்த அளவுக்கும் குறைவான புகையிலேயே தண்ணீர்க் குழாய்கள் திறந்துகொண்டன. குழாய் இணைப்புகள் ஒழுகி, நல்ல மின்கல அடுக்குகள் மீது தண்ணீர் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டது. எனவே ஒரே ஓர் உணர்த்தியை நம்பித் தண்ணீர் திறக்க விடாதீர்கள். வெப்பம் காட்டும் கேமரா பெட்டிக்குள் இருக்கும் கலத்தைக் காணாது, வெளிச்சுவரை மட்டுமே காணும். ஆனாலும் இன்வெர்ட்டர், மின்மாற்றி, கேபிள் முனைகள் ஆகியவற்றுக்கு அது மிகவும் பயனுள்ளது.

படி 5: அறிகுறி மனிதரைச் சென்று சேர்கிறதா என்று கையால் சோதியுங்கள்

நான் வேலை செய்த ஒரு தளத்தில், ஒப்படைப்புக்கு இரண்டு நாள் முன்னதாக, சோதனை வாயுக் குப்பியின் மூடியை ஒரு சென்சாரின் முகத்தில் பொருத்தித் திறந்தேன். சென்சாரின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறியும் ஓடியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த நண்பரோ போனில், "இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, அண்ணா" என்றார். தேடிப் பார்த்ததில், இணைப்புப் பெட்டியில் ஒரு கம்பி திருகுக்குள் போகாமல், அதன் பிளாஸ்டிக் உறையின் மேலேயே திருகு இறுக்கப்பட்டிருந்தது. இயல்பில் திறந்திருக்கும் தொடர்பாக, அதாவது ஆபத்து வந்தால் மட்டும் மூடும்படி, அந்தச் சுற்றை அமைத்திருந்ததால், கம்பி இணையாததும் ஆபத்து இல்லாததும் திரைக்கு ஒன்றாகவே தெரிந்தன.

அன்று முதல் எல்லா எச்சரிக்கைச் சுற்றுகளையும் இயல்பில் மூடியிருக்கும் தொடர்பாகவே கேட்டு வாங்குகிறேன். கம்பி அறுந்தாலும் அலாரம் அடிக்கும். தகவல் தொடர்பு ஒரு நிமிடம் நின்றால் அதுவே தனி அலாரமாக வர வேண்டும். பழைய எண்ணைப் பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கும் திரை மிகவும் ஆபத்தானது. ஃபைபர் இணைப்போடு மொபைல் இணைப்பையும் மாற்றுவழியாக வையுங்கள். ஒவ்வொரு சென்சாரையும் ஒவ்வொன்றாகத் தூண்டி, திரையில் வந்த நேரத்தையும் போன் ஒலித்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 6: வேலியும் வலையமைப்பும்

வேலி, நுழைவுப் பதிவு, இரவிலும் தெளிவாகக் காட்டும் கேமரா ஆகியவை மற்றெந்த மின்நிலையத்துக்கும் உரியவையே. இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, பெட்டிக் கதவு திறக்கப்படுவதும் ஒரு தீ எச்சரிக்கையின் இடத்தைப் பெற வேண்டும் என்பது; செம்புக் கேபிளைத் திருட வருபவர் அறியாமல் வெட்டும் கம்பி மின்பொறியை உண்டாக்கலாம். பி.எம்.எஸ்., இன்வெர்ட்டர், கேமரா ஆகியவற்றின் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுங்கள். கேமரா வலையமைப்பையும் மின்கலக் கட்டுப்பாட்டு வலையமைப்பையும் பிரித்து வையுங்கள். தயாரிப்பாளர் தொலைவிலிருந்து நுழையும் வழியைத் தேவைப்படும்போது மட்டும் திறந்து, யார் எப்போது நுழைந்தார் என்பதைப் பதிவு செய்யுங்கள். எச்சரிக்கை எல்லையை ஒருவர் சத்தமின்றி உயர்த்திவிட்டால் சென்சார் இருந்தும் இல்லாதது போலாகும்.

படி 7: தீயணைப்பு நிலையத்தோடு ஒத்திகை

மின்னேற்றத்துக்கு முன்பே உள்ளூர்த் தீயணைப்பு அலுவலரை அழைத்து வந்து நுழைவாயில் பலகையைக் காட்டுங்கள். கதவைத் திறக்க வேண்டாம், எரியும் பெட்டியை எரியவிட்டுப் பக்கத்துப் பெட்டிகளைத் தண்ணீரால் குளிர்விப்பதே பெரும்பாலும் சரியான வழி என்பதைத் தயாரிப்பாளரின் அவசரக்காலத் திட்டத்தோடு சேர்த்து அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மூரபூலிலும் அப்படித்தான் செய்தார்கள். 24 மணி நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணைப் பலகையில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பிறகு யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு நள்ளிரவில் அந்த எண்ணை அழைத்து, "மூன்றாவது பெட்டியில் இப்போது ஹைட்ரஜன் எவ்வளவு?" என்று கேளுங்கள். எடுத்தவர் ஒரு நிமிடத்துக்குள் எண்ணைச் சொல்லாவிட்டால், மின்னேற்றத் தேதியைத் தள்ளி வையுங்கள்.