வார்டு டியூட்டியோடு ஆராய்ச்சி: வென்ஃப்ளானிலிருந்து தொடங்குங்கள்

டியூட்டி பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய நினைக்கும் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் பலர் சறுக்குவது தலைப்பில்தான். ‘நோயாளிகளின் மனநிலை’ என்று அகலமாக எடுத்தால் அது டியூட்டிக்கு வெளியே இன்னொரு வேலையாகிவிடும். கேஸ் ஷீட்டில் எப்படியும் எழுதுகிற ஒன்றைப் பிடியுங்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போடும் சிறு குழாய்) போட்ட இடம் எத்தனை பேருக்கு வீங்கிச் சிவக்கிறது? முதல் ஆய்வுக்கு இது தாராளம்.

அளப்பதற்கு விஐபி (விஷுவல் இன்ஃப்யூஷன் ஃபிளெபைட்டிஸ்) ஸ்கோர் இருக்கிறது. போட்ட இடத்தைப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண். 0 முதல் 5 வரை. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்தால் 2. அப்போதே வென்ஃப்ளானை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும். எனவே 2-உம் அதற்கு மேலும் ஃபிளெபைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) என்று முதலிலேயே எழுதி வையுங்கள். தொடங்குமுன் இரண்டு பேர் தனித்தனியாக அதே 20 கைகளைப் பார்த்து ஸ்கோர் போட்டு ஒப்பிடுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சுலபமாகத் தெரியாது, அங்கேதான் ஸ்கோர் முரண்படும். தொட்டுச் சூடும் பாருங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? 20 சதவீதம் பேருக்கு வரலாம், 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் 4×20×80÷25 = 256 (80 என்பது வராத சதவீதம், 25 என்பது 5×5). பாதியில் விடுபடுவோருக்காக 10 சதவீதம் சேர்த்தால் 282. ஒருவருக்கு மூன்று முறை போட்டிருந்தாலும் முதல் வென்ஃப்ளானை மட்டும் எண்ணுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முன் ஒரு ஃபாரம்கூட நிரப்பக் கூடாது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. இரண்டு வகை டிரெஸ்ஸிங்கை ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் சிடிஆர்ஐ-யில் (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது. கட்டணமும் இல்லை. சம்மதக் கையெழுத்தை அந்த நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ் வாங்க வேண்டாம். ‘சிஸ்டர் கேட்கிறாங்களே’ என்று மறுக்க மாட்டார்கள். டேட்டா ஷீட்டில் பெயரோ ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோ வேண்டாம், வரிசை எண் போதும். பெயரையும் வரிசை எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டில் இருக்கட்டும்.

பெரிய ஓட்டை ஷிஃப்ட். உங்கள் காலை டியூட்டியில் மட்டும் எடுத்தால், நள்ளிரவில் அவசரமாகப் போட்ட வென்ஃப்ளான்கள் கணக்கிலேயே வராது, சதவீதம் பொய்யாகக் குறையும். மாலை, இரவு ஷிஃப்டில் ஒவ்வொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். நேரத்துக்கு, வாரம் அரை நாளை நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேட்டு ரோஸ்டரிலேயே எழுத வையுங்கள். வாய்ப்பேச்சு அனுமதி, ஆள் குறைந்த முதல் வாரத்திலேயே போய்விடும்.