டவர் லொகேஷன், ஜிபிஎஸ், சிசிடிவி: குற்ற வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் இப்போதெல்லாம் பல வழக்குகளில் குற்றப்பத்திரிகையோடு ஒரு சிடிஆர் (போன் நிறுவனம் தரும் அழைப்பு விவரப் பட்டியல்), சிசிடிவி பதிவுள்ள ஒரு பென்டிரைவ், சில சமயம் காரில் மாட்டிய ஜிபிஎஸ் கருவியின் பதிவு என்று ஏதாவது சேர்ந்தே வருகிறது. அதைப் பார்த்ததும் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வீட்டார் இடிந்துபோகிறார்கள். புகார் கொடுத்தவர்கள் இனி வழக்கு ஜெயித்த மாதிரிதான் என்று நிம்மதியாகிறார்கள். இரண்டு தரப்புமே அவசரப்படுகிறது. கருவி பதிவு செய்தது என்ன, அதிலிருந்து மனிதர்கள் கட்டிய முடிவு என்ன என்று பிரித்துப் பார்க்காமல் விட்டால், நிரபராதி உள்ளே போகவும் குற்றவாளி வெளியே வரவும் வழி உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, டவர் லொகேஷனை ஆள் நின்ற இடமாகப் படிப்பது. சிடிஆரில் ஒரே ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, தொடங்கிய நேரம், பேசிய வினாடிகள், கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, சிம்மின் அடையாள எண்ணான ஐஎம்எஸ்ஐ, அழைப்பு தொடங்கியபோதும் முடிந்தபோதும் போன் இணைந்திருந்த ஆன்டெனாவின் எண்களான முதல் செல் ஐடி, கடைசி செல் ஐடி. செல் ஐடிக்கு நேராக ஒரு முகவரி போட்டிருப்பார்கள். அது டவர் நிற்கும் இடத்தின் முகவரி, பேசியவர் நின்ற இடம் அதில் எங்கும் கிடையாது. ஒரு டவரில் பொதுவாக மூன்று திசை பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும். நெருக்கமான ஊருக்குள் ஒவ்வொன்றின் வீச்சும் சில நூறு மீட்டரில் முடியலாம், வயல்வெளியில் பல கிலோமீட்டர் போகும். கடல் பக்கம் மறைப்பே இல்லாததால் இன்னும் தூரம் போகும். கடலூர் கடற்கரையான தேவனாம்பட்டினத்திலிருந்து படகில் போனவர் கரையை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தும் கரை டவரிலேயே பேச முடிவது அதனால்தான்.

நம் பகுதியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கமெல்லாம் புதுச்சேரியும் தமிழ்நாடும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கின்றன. டவருக்கு மாநில எல்லை தெரியாது. ரெட்டிச்சாவடியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரின் போன் புதுச்சேரிப் பக்கத்து டவரைப் பிடிக்கலாம். பக்கத்து டவரில் கூட்டம் அதிகமாக இருந்தாலோ, நடுவில் கட்டடம் மறைத்தாலோ, போன் அடுத்த டவருக்குத் தாவும். மதுக் கடத்தல் வழக்கில் “சம்பவ நேரத்தில் எதிரி புதுச்சேரியில் இருந்தார்” என்று அந்த ஒரு வரியை வைத்து எழுதினால் அது தப்பு. “இந்த சிம் இந்த நேரத்தில் இந்த டவரின் இந்தத் திசை ஆன்டெனாவில் இணைந்திருந்தது” என்பதுவரைதான் சொல்லலாம்.

ஆகவே குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியவை கேட்கப்பட வேண்டும். ஆன்டெனா எந்தத் திசை பார்த்தது? சம்பவத் தேதியன்று இருந்த டவர் பட்டியலா, பிறகு மாற்றிய பட்டியலா? அன்றைக்குப் பக்கத்து டவர்கள் வேலை செய்தனவா? கடைசிக் கேள்வி நமக்கு முக்கியம். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’, 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ என்று புயல்கள் கரையைக் கடந்த மண் இது. மின்சாரம் போய் டவர்கள் படுத்துவிட்ட இரவில், போன் வழக்கமாக எட்டாத தூரத்து டவரில் போய் ஒட்டும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் இங்கே இருந்தார் என்று நிரூபிப்பதைவிட, அந்தப் போன் அங்கே இல்லை என்று காட்டத்தான் டவர் பதிவு நன்றாக உதவும். சம்பவம் தேவனாம்பட்டினத்தில், அதே நிமிடத்தில் போன் நெய்வேலி டவரில் என்றால், போன் கடற்கரையில் இல்லை என்று தைரியமாக வாதாடலாம். போன் யார் கையில் இருந்தது என்பது தனிக் கேள்வி. சிம் அண்ணன் பேரில் இருக்கும், பேசுவது தம்பியாக இருப்பார். அதை வேறு சாட்சியால்தான் நிரூபிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்ததால் தப்பே இருக்காது என்ற நம்பிக்கைக்கு டென்மார்க் நல்ல பாடம். 2019-இல் அங்கே தொலைபேசி நிறுவனங்கள் கொடுத்த மூலத் தரவை போலீஸ் மென்பொருள் மாற்றும்போது சில அழைப்புகள் விடுபட்டதும், சில போன்கள் தவறான டவரோடு இணைக்கப்பட்டதும் வெளியே வந்தது. 10,000-க்கு மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அப்படியானால் நம் வக்கீல்கள் அழகாக வண்ணமடித்த எக்செல் தாளோடு நிற்காமல், நிறுவனம் அனுப்பிய மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதுதானே முறை?

ஜிபிஎஸ் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். பல கருவிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. பதிவில் 17:40 என்று இருந்தால் கடலூரில் இரவு 11:10. இதைக் கவனிக்காமல் மாலை நடந்த சம்பவத்தோடு பொருத்திவிட்டால் கதையே மாறிவிடும். திறந்த வானத்தின் கீழ் செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை துல்லியம் தரும், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் தடுமாறும். வரைபடத்தில் வண்டி சாலை மேலேயே போவது போலக் காட்டுவது பல நேரம் மென்பொருள் இழுத்து ஒட்டியது. சிக்னல் போன பிறகும் கடைசிப் புள்ளி மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதை “வண்டி அங்கே நின்றது” என்று படிக்கக் கூடாது.

சிசிடிவியிலும் இதே நேரச் சிக்கல்தான். கேமரா படங்களைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் கடிகாரம் முன்னே பின்னே ஓடும், உள்ளே பேட்டரி செத்தால் தேதியே மாறிவிடும். கைப்பற்றும்போது திரையில் என்ன நேரம், உண்மையான நேரம் என்ன என்று மகஜரில் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) எழுத இரண்டு நிமிடம் போதும். எழுதாமல் விட்டால் பின்னால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. திரையில் ஓடுவதைப் போனில் படம் பிடித்து அதையே ஆதாரமாகக் கொடுப்பதும் வேண்டாம். பதிவு இருந்தும் அரசுத் தரப்பு தாக்கல் செய்யாத வழக்கில், அது அவர்களுக்கே பாதகம் என்று 2015-இல் டொமாசோ புருனோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது. எதிரித் தரப்பு இதை மறக்கக் கூடாது.

அப்புறம், இப்படிப்பட்ட மின்னணுப் பதிவின் நகலோடு தர வேண்டிய சான்றிதழ். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 63-ஆவது பிரிவு. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகளுக்குப் பழைய சட்டம்தான். புதிய படிவத்தில் இரண்டு பகுதிகள், இரண்டாவதை நிபுணர் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும். மூலக் கருவியையே உரிமையாளர் சாட்சிக் கூண்டில் நின்று காட்டினால் தவிர, நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விசாரணை முடிவதற்குள் சான்றிதழைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அது இல்லை என்றதும் வழக்கு உடைந்தது என்று கொண்டாட வேண்டாம். அது இருக்கிறது என்பதாலேயே பதிவு உண்மை என்றும் ஆகாது. நகல் முறையாக எடுக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள், கடிகாரம் சரியாக ஓடியதா என்று அது சொல்லாது. தன் கடை கேமராவை வைத்துத் தன்னை நிரபராதி என்று காட்ட வருகிறவருக்கும் இதே சான்றிதழ் தேவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், தாமதம் வேண்டாம். கடை டிவிஆரில் பழைய பதிவு மேல் புதியது சில வாரங்களில் ஏறிவிடும். சிடிஆரை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆனால் வழக்கு அதற்கு மேலும் இழுக்கும். பதிவை அழியாமல் பாதுகாக்க உத்தரவிடுமாறு தொடக்கத்திலேயே நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். எந்த எண், எந்தத் தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, செல் ஐடியும் ஆன்டெனா திசையும் சேர்த்து என்று மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். “சிடிஆர் வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால் டவர் விவரம் இல்லாத வெறும் அழைப்புப் பட்டியல் வந்து நிற்கும், அதற்குள் காலக்கெடுவும் கடந்திருக்கும்.