கல்யாணத்துக்கு முன்பே மரணமா? பழைய அமெரிக்க நேரத்தில் தடுக்கிவிழும் இடங்கள்

மாசசூசெட்ஸ் பழைய பதிவேடு ஒன்றில் ஒருவருக்கு 1700 ஜூனில் திருமணம், 1700 பிப்ரவரியில் மரணம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் கைதவறிவிட்டார் என்று நாமே தேதியைத் திருத்தத் தோன்றும். திருத்தக் கூடாது. அந்த மனிதர் கல்யாணத்துக்குப் பிறகு எட்டு மாதம் வாழ்ந்திருக்கிறார்.

ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அப்போது சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். பிப்ரவரி ஆண்டின் கடைசிப் பக்கம். குழப்பம் வேண்டாமென்று ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்குப் பலர் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப பைபிளில் அவர் பிறந்தது 1731/2 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. இரண்டும் சரி. 1752-ல் பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்று நாம் பயன்படுத்தும் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது; 11 நாட்கள் போயின. அந்த ஆண்டிலிருந்து புத்தாண்டும் ஜனவரி 1-க்கு வந்துவிட்டதால், 1751-க்கு ஜனவரியும் பிப்ரவரியும் கிடைக்கவே இல்லை.

ஆகவே 1752-க்கு முந்தைய எல்லாத் தேதியோடும் 11-ஐக் கூட்டிவிடலாமா? அதுவும் தவறு. 1699/1700 பிப்ரவரி இறுதிவரை இரண்டு நாட்காட்டிகளுக்கும் வித்தியாசம் 10 நாள்தான். பிரெஞ்சு, ஸ்பானியக் குடியேற்றங்களோ முன்பே மாறிவிட்டவை, அங்கே எதையும் கூட்ட வேண்டாம். அப்புறம் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மாதப் பெயர்களில் வேற்றுத் தெய்வங்களின் வாடை அடிக்கிறது என்று எண்களால்தான் குறிப்பார்கள். 1752-க்கு முன் அவர்கள் எழுதிய ‘இரண்டாம் மாதம்’ ஏப்ரல், பிப்ரவரி அல்ல. பென்சில்வேனியா வம்சாவளி தேடுகிறவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

நாளின் தொடக்கம்கூட எல்லாருக்கும் ஒன்றல்ல. வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் (கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள் பலவற்றில் ஞாயிறு ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும்.

‘கிராமத்து மக்களுக்கு நேர உணர்வே கிடையாது, ஆலை வந்துதான் கற்றுக்கொடுத்தது’ என்று எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத தவறு. சூரிய மணிகாட்டி இருந்தது, ஊர் மணி இருந்தது. நம் பஞ்சாங்கம் போல வீட்டுக்கு வீடு ஆல்மனாக்கும் தொங்கியது. சூரியனின் நண்பகலும் கடிகாரத்தின் பன்னிரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் வேறுபடும். அந்தக் கணக்கும் ஆல்மனாக்குகளில் அச்சாகிவந்தது. கனெக்டிகட்டில் ஈலை டெர்ரி 4,000 மரச்சக்கரக் கடிகார இயந்திரங்கள் செய்துதர ஒப்பந்தம் போட்டது, மாசசூசெட்ஸின் லோவெல் ஊரில் துணி ஆலைகள் எழுவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால். சாதாரண விவசாயி வீட்டுக்கும் கடிகாரம் வந்தது, இப்படி மொத்தமாகச் செய்ததில் கிடைத்த மலிவால்தான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் கோடையில் கடிகாரத்தை நகர்த்தச் சொன்னார் என்பதையும் விட்டுவிடுங்கள். 1784-ல் பாரிஸ் பத்திரிகைக்கு அவர் எழுதியது கேலிக் கடிதம். விடியலில் பீரங்கி வெடித்து ஊரை எழுப்புங்கள் என்கிறார். கடிகாரத்தைத் தொடச் சொல்லவில்லை.

அதேபோல, 1883 நவம்பர் 18-ல் நேர மண்டலங்களைக் கொண்டுவந்தவை ரயில் கம்பெனிகள். அரசுச் சட்டம் 1918-ல்தான் வந்தது. 1883-ல் மண்டலங்கள் வரும்வரை பாஸ்டன் பன்னிரண்டு அடிக்கும்போது நியூயார்க்கில் 11:48 என்பதில் யாருக்கும் வியப்பில்லை.

கடைசியாக, கடிகாரம் முதலாளியின் ஆயுதம் என்ற ஒற்றை வரி. பாதி உண்மைதான். தோட்டங்களில் அடிமைகளை எழுப்பிய கொம்பும் மணியும் உடைமையாளர் கையில்தான் இருந்தன. லோவெல்லில் வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் வேலை, எல்லாம் ஆலை மணியின்படி. ஆனால் அந்த மணியை அடிப்பவர் நேர்மையாக அடிக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் தொழிலாளிக்கும் ஒரு கடிகாரம் வேண்டுமே. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் நூற்பாலை ஊரில் 1828-ல் மக்கள் தாங்களே பணம் திரட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி தேவாலயத்தில் ஊர்க் கடிகாரம் வைத்தார்கள்.