பழைய காருக்கு வீட்டிலேயே மெஷின் பாலிஷ்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

பழைய காரின் நிறம் மங்கிவிட்டால் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது, வண்டி முழுவதும் மறுபடி பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்பதைத்தான். ஆனால் அந்த மங்கல் பல வண்டிகளில் பெயிண்டின் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. அந்தத் தோலை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுத்துவிட்டால், வெயில் படாத நிறம் அடியில் அப்படியே இருக்கும். மெஷின் பாலிஷ் என்பது பளபளப்பை மேலே பூசும் வேலையன்று, கெட்டுப்போன மேற்பரப்பை அகற்றும் வேலை. ஆகவே ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பெயிண்டில் கொஞ்சம் குறைகிறது, குறைந்தது திரும்ப வராது.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு எடுக்கலாம் என்பது விளங்கும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட், பிரைமர் என்ற அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து, பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தடிமன்தான் இருக்கும். அதில் நிறமில்லாத கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இந்த விளக்கம் முழுவதும் நான் பழகிய வண்டியான 1997ஆம் ஆண்டின் சிவப்பு மாருதி 800ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் அம்பாசடர், ஜென், சான்ட்ரோ போன்ற வண்டிகளுக்கும் முறை இதுவேதான்.

முதலில் பெயிண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதவின் கீழ்ப்பகுதி போன்ற கண்ணில் படாத ஓர் இடத்தைச் சுத்தமாகக் கழுவி, வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷைத் தொட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், மேலே கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயிண்ட் என்று பொருள். பழைய வண்டிகளின் வெள்ளை, சிவப்பு போன்ற தனி நிறங்கள் பெரும்பாலும் இந்த வகை. மெட்டாலிக் நிறங்களுக்குப் பொதுவாகக் கிளியர் கோட் இருக்கும், துணியில் நிறம் ஏறாது. வெள்ளை வண்டிக்கு வெள்ளைத் துணி உதவாது, கறுப்புத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைப் பூச்சு வெயிலில் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்புபோல் ஒட்டும். பாலிஷுக்கு மிக அழகாக இணங்குவதும் இந்த வகைதான். கிளியர் கோட் உள்ள வண்டியில் ரூஃபிலோ பானெட்டிலோ அந்தப் பூச்சு தேமல்போல் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்திருந்தால், அந்த இடத்தைப் பாலிஷ் காப்பாற்றாது. எந்த மெஷினும் உரிந்த பூச்சை ஒட்டவைக்காது, அந்தப் பகுதிக்குப் பெயிண்ட்டர்தான் வேண்டும்.

அடுத்து, கீறல்களின்மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் ஆழமானது, அதைத் தேய்த்து மறைக்க முயல வேண்டாம். பழைய வண்டி என்றால் எங்காவது பட்டி பார்த்து மறுபெயிண்ட் அடித்திருப்பார்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை அங்கங்கே வைத்துப் பார்த்தால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் பிடிப்பு தளர்வதை உணரலாம். பட்டறைப் பெயிண்ட் தொழிற்சாலைப் பெயிண்டைவிட மென்மையாக இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பகுதிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷினும் மற்றவையும்

முதன்முறை செய்பவர்கள் வாங்க வேண்டியது டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், சுருக்கமாக டிஏ. இதில் பேட் (பாலிஷைத் தேய்க்கும் ஃபோம் வட்டு) சுழன்றுகொண்டே மையம் விலகியும் ஆடுவதால் வெப்பம் ஓரிடத்தில் குவிவதில்லை. அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் சுழலாமல் நின்றுவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு. ரோட்டரி பாலிஷர் வேகமாக வேலையை முடிக்கும், ஆனால் கை பழகாதவரிடம் பெயிண்டைச் சுட்டுவிடும். பட்டறைகளில் சிலர் ஆங்கிள் கிரைண்டரிலேயே பேடை மாட்டித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுற்றுகிறது. ரோட்டரி பாலிஷருக்கே 600 முதல் 3,000 வரைதான் தேவை. நானும் ஒருமுறை இரவல் கிரைண்டரை வாங்கித் தேய்க்கத் தொடங்கி, பானெட்டின் முன்விளிம்பில் சில வினாடிகளில் சாம்பல் நிறப் பிரைமரைப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தை இன்றும் டச்-அப் பெயிண்ட்தான் மூடியிருக்கிறது.

பேடை மாட்டும் தட்டுக்குப் பேக்கிங் பிளேட் என்று பெயர், சிறிய கார்களுக்கு 5 அங்குல அளவு பொருத்தமானது. ஃபோம் பேடுகளில், அதிகம் தேய்ப்பதிலிருந்து குறைவாகத் தேய்ப்பது வரை, கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று மூன்று தரங்கள் உண்டு. பேடின் நிறத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறத்தைப் பயன்படுத்துகிறது. பாலிஷிங் பேட் நான்கும், கட்டிங் பேட் இரண்டும் இருந்தால் ஒரு மாருதி 800ஐ முடித்துவிடலாம். இவற்றோடு ஒரு மிதமான பாலிஷ், ஒரு காம்பவுண்ட் (பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் பசை), கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிக்கட்டி), மாஸ்கிங் டேப், நல்ல டார்ச், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் எண்ணெய் துடைக்க அருமையானது, ஆனால் அதன் தையலும் அதில் ஒட்டிய தூசும் பாலிஷ் செய்த பெயிண்டில் புதுக்கீறல்களைப் போடும்.

முகமூடியும் கண்ணாடியும் அவசியம். பழைய சிவப்பு, மஞ்சள் பெயிண்டுகளில் ஈயம் சேர்ந்த நிறமிகளைப் பயன்படுத்தியதுண்டு, அந்தத் தூசி மூக்கில் போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எர்த் உள்ளதாகவும், கழுவிய தண்ணீர் தேங்காத இடத்திலும் இருக்கட்டும்.

கழுவுதலும் கிளே பாரும்

மணலும் தூசும் மேலே இருக்கும்போது மெஷினை வைத்தால் அது பாலிஷ் ஆகாது, உப்புத்தாள் தேய்த்ததாகிவிடும். நிழலில், பானெட் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்பில் முக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பானெட்டில் காய்ந்து கிடந்தால், ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

நம் ஊர்களில் பெயிண்டைக் கெடுப்பதில் போர்வெல் தண்ணீருக்குப் பெரும்பங்கு உண்டு. அது காய்ந்ததும் அதிலுள்ள கால்சியம் வெள்ளைப் புள்ளிகளாகப் படிகிறது. வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் புதிய கறைகள் கரையும், பிறகு நன்றாக அலசிவிட வேண்டும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைச் சேமித்துக் கார் கழுவுவோர் பலர் இருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் அந்த நீரில் உப்பு மூலநீரைவிட அதிகம் என்பதால் கடைசி அலசலுக்கு அது ஆகாது. அதற்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டி வைத்துக்கொள்ளலாம், அதில் உப்பு ஏறத்தாழ இருக்காது.

கழுவிய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். ஷாம்பு கலந்த நீரைத் தெளித்து, கிளே பாரை அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளினால் அந்தத் துகள்கள் களியில் ஏறிவிடும். அடிக்கடி மடித்துப் புதிய முகத்தைப் பயன்படுத்த வேண்டும். தரையில் விழுந்த களியை எடுக்காதீர்கள், குப்பையில் போடுங்கள்.

சோதனைக் கட்டம்

முதன்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான், அவர்களுடைய தவறுகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. வண்டி முழுவதற்கும் எந்தப் பேட், எந்த பாலிஷ், எத்தனை முறை என்பதை ஒரு சிறு சதுரத்தில் முடிவு செய்துவிட வேண்டும். பானெட்டின் நடுவில், விளிம்புகளிலிருந்து விலகி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கட்டம் போடுங்கள்.

பாலிஷிங் பேடையும் மிதமான பாலிஷையும் கொண்டுதான் தொடங்க வேண்டும், காம்பவுண்டைக் கொண்டன்று. புதிய பேடின் முகம் முழுவதும் மெல்லியதாகப் பாலிஷைத் தடவி, அதன்மேல் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பேடைப் பெயிண்டில் பதித்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காற்றில் சுழலவிட்டால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். முதல் வேகத்தில் கட்டம் முழுவதும் பரப்பிவிட்டு, பிறகு நான்கு அல்லது ஐந்தாம் வேகத்துக்கு ஏற்றுங்கள். மெஷினின் எடையோடு சற்றே கூடுதலான அழுத்தம் போதும். கை நகரும் வேகம் வினாடிக்கு ஓர் அங்குலம் அளவில் இருக்க வேண்டும், இது நீங்கள் நினைப்பதைவிட மிகவும் மெதுவானது. முதலில் இடமும் வலமுமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடும்படி. அடுத்து மேலும் கீழுமாக. இப்படி நான்கிலிருந்து ஆறு முறை.

பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், பேட் சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது ஓடும்போதே தெரியும். கோடு அசையாமல் நின்றால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சுழல்கீறல்கள் (வெளிச்சத்தில் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்கள்) பெரும்பாலும் போயிருந்தால், அந்தப் பேடும் பாலிஷுமே வண்டி முழுவதற்கும் போதும். போகவில்லையென்றால், அதே பாலிஷோடு கட்டிங் பேட். அதற்கும் இணங்கவில்லையென்றால்தான் காம்பவுண்ட். முக்கால்வாசிக் கீறல் போய்விட்டதென்றால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். மீதிக் கால்வாசியை எடுக்க, அதுவரை எடுத்த அளவுக்கு மேல் பெயிண்டைக் கொடுக்க வேண்டியிருக்கும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய வண்டியில் அது நல்ல வியாபாரமன்று. ஒற்றைப் பூச்சு வண்டியில் பேட் காரின் நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம், எடுக்க வேண்டியது அந்த வெளுத்த தோலைத்தான். கிளியர் கோட் வண்டியில் பேடில் நிறம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

வண்டி முழுவதும்

ரூஃபில் தொடங்கிக் கீழே வாருங்கள். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துச் சின்னங்கள் ஆகியவற்றின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் ஏறிய பாலிஷ் காய்ந்தால் வெள்ளையாக நின்றுவிடும். கதவின் மடிப்புக்கோடுகள், பானெட்டின் விளிம்புகள், மட்கார்டின் வளைவு ஆகியவற்றில் பெயிண்ட் மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும், அங்கும் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையால் இரண்டு முறை தேய்த்தால் போதும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் வெப்பம் பரவாமல் தங்கும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தைப் புறங்கையால் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் வேறு பகுதிக்குப் போய்விட்டு வரலாம்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பழைய பல்துலக்கியோ நைலான் பிரஷோ கொண்டு பேடிலுள்ள பிசுக்கைத் தட்டிவிட வேண்டும். ஒற்றைப் பூச்சில் பேட் சீக்கிரம் அடைபடும், இரண்டு பகுதிகளுக்கு ஒரு பேட் என்று மாற்றுங்கள். காம்பவுண்ட் பயன்படுத்தியிருந்தால், அது விட்டுச்செல்லும் மெல்லிய மூட்டத்தை எடுக்க, மிதமான பாலிஷோடு இன்னொரு சுற்று தேவைப்படும். ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். முதல்முறை எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின, இரண்டாவதில் தோள்வலிதான் மிச்சம்.

பாலிஷுக்குப் பிறகு

பாலிஷிலுள்ள எண்ணெய் சிறு கீறல்களை நிரப்பி ஏமாற்றும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் என்று கலந்து துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மையான பெயிண்ட். அதில் மனநிறைவு ஏற்பட்டால், அன்றே வாக்ஸோ சீலன்டோ (பெயிண்டை மூடிக் காக்கும் செயற்கைப் பூச்சு) போட்டுவிட வேண்டும்; புதிதாகத் தேய்த்த ஒற்றைப் பூச்சு, மூடாமல் விட்டால் வெயிலில் மீண்டும் வெளுக்கத் தொடங்கும். வாக்ஸைத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் பூசி, மூட்டமாகக் காய்ந்ததும் புதிய துணியால் எடுத்துவிடுங்கள். சிலர் டீசலைத் துணியில் தொட்டுத் துடைப்பார்கள். மினுமினுப்பு வரும், அதோடு தெருத்தூசி முழுவதும் வந்து ஒட்டும்.

பேடுகளை வெதுவெதுப்பான சோப்புநீரில் கசக்கிப் பிழிந்து, பின்புறமுள்ள வெல்க்ரோ மேலே பார்த்தபடி நிழலில் காயவையுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எது காம்பவுண்டுக்குப் பயன்பட்டது என்று மேலே எழுதிவையுங்கள். வண்டியைப் பொறுத்தவரை, அடுத்த கழுவலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரந்து படிந்தால் வாக்ஸ் தீர்ந்துவிட்டதென்று பொருள், அப்போது வாக்ஸை மட்டும் மறுபடி பூசினால் போதும்; மெஷினை எடுக்க வேண்டியதில்லை.