பழைய கவசத்தில் பொன் மின்னினால்: பார்வையாளர்கள் செய்யும் தவறுகள்

பொன்வேலை மின்னும் கவசத்தைக் கண்டதும் ‘இது ஊர்வலத்துக்கு அணிந்தது, சண்டைக்கு உதவாது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பொன்னைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அடியில் இருக்கும் எஃகைப் பார்க்க வேண்டும். சங்கிலிக் கவசமானால் வளையங்களை உற்றுப் பாருங்கள். வளையத்தின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஆணி அறையப்பட்டிருந்தால் அது அடி தாங்கும். வெறுமனே முட்டிக்கொண்டு நின்றால், ஒரு குத்தில் பிரிந்துவிடும். பித்தளையும் இரும்பும் கலந்து கட்டம் கட்டமாகக் கோத்த 19-ஆம் நூற்றாண்டுக் கவசங்கள் பல இந்த இரண்டாம் வகைதான்.

அந்தப் பொன்னை முலாம் என்று எண்ணுவது அடுத்த தவறு. எஃகின்மேல் பொன் பதிக்கும் கோஃப்த்காரி வேலையில் அதன் பரப்பை நெருக்கமான குறுக்குக் கீறல்களால் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் மெல்லிய பொன்கம்பியை வைத்து அடித்து, பிறகு கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பொன்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கீறல்கள் மட்டுமே. பள்ளம் வெட்டிக் கம்பியைப் பதிக்கும் தெஹ்நிஷான் வேறு வேலை. உழைப்பும் கூடுதல், உறுதியும் கூடுதல். கோஃப்த்காரிக்குப் பேர்போன ஊர்களில் சியால்கோட்டும் குஜராத்தும் உண்டு. இந்தக் குஜராத் இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் நகரம். இந்தியாவின் குஜராத் மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைப் புரிந்துகொண்டவர் துருவைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடி ஓட மாட்டார். தேய்க்கத் தேய்க்கத் துருவோடு பொன்னும் உதிரும். மூசையில் உருக்கிச் செய்த எஃகின் மேல் தெரியும் நீரலை போன்ற கோலமும் மழுங்கும். புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கேடயத்தின் நடுவில் இருக்கும் நான்கு குமிழ்களையும் வெறும் அழகு என்று கடந்துவிடுகிறார்கள். பின்புறக் கைப்பிடிகளைத் தாங்கும் வளையங்கள் அவற்றில்தான் பிணைந்திருக்கின்றன.

கவசத்தில் எழுத்து இருந்தால் அதுவே செய்த ஊரும் ஆண்டும் என்று நம்பிவிடுவதுதான் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. ராஜஸ்தானின் பீகானேர் ஆயுதசாலையைச் சேர்ந்த கவசங்கள் சிலவற்றில், இன்றைய ஆந்திராவில் உள்ள ஆதோனியின் பெயர் தேவநாகரியில் வெட்டப்பட்டிருக்கிறது. ஔரங்கசீப்பின் படைத்தலைவரான பீகானேர் அரசர் அனூப் சிங், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதோனிக் கோட்டையைப் பிடித்தபோது கைப்பற்றியவை அவை. எழுத்து சொல்வது கொள்ளையின் கணக்கை. அவற்றைச் செய்த கொல்லர் யார், எந்தப் பட்டறை என்பதை வளையத்திலும் தகட்டிலும்தான் தேட வேண்டும்.