நாய் காலையில் எழும்புவதைப் பாருங்கள்

எங்கள் லாப்ரடார் மணியன் ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது, ரப்பர் விளைக்குள் என் பின்னால் ஓடி வருவான். ஓட்டத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி துள்ளுவான். "சின்னக் குட்டியில்லா, துள்ளத்தான் செய்யும்" என்றார் பால் வெட்ட வரும் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வயதில் அவன் திண்ணைப் படி ஏற மறுத்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காராமல் தொடை எலும்பின் பந்து பாதி வெளியே நின்றது. இதற்குப் பெயர் ஹிப் டிஸ்பிளேசியா.

மூட்டு வலிக்கு நாய் பெரும்பாலும் கத்தாது. அதனால் நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதற்கு நல்ல நேரம் விடியற்காலை. படுத்த இடத்திலிருந்து நாய் எப்படி எழும்புகிறது? முன்னங்கால்களை ஊன்றி, பின்பாகத்தை இழுத்துக்கொண்டா? முதல் பத்தடி விறைப்பாக நடந்து, பிறகு சரியாகிவிடுகிறதா? "நடக்க நடக்கச் சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுத் தேய்மானம் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஐப்பசி மழையில் மணியனுக்கு அந்த விறைப்பு அரை மணி நேரம் நீடிக்கும்.

அடுத்தது, போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பயத்தில் நாய் நொண்டுவதையே மறந்துவிடும். வழுக்கும் டைல்ஸ் வேண்டாம், முற்றத்தில் ஒருவர் பிடித்து நடத்தட்டும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்து, வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னங்கால் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும்.

பிறகு கையால் பாருங்கள். நாயை நிற்க வைத்துப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் பிடியுங்கள். மணியனின் வலது தொடை நிறைய சதை, இடது தொடையில் எலும்பே கையில் தட்டியது. பல வாரமாக அந்தக் காலில் அவன் பாரம் வைக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தாண்டி மூட்டை முறுக்கியோ இழுத்தோ சோதிக்காதீர்கள், அது டாக்டரின் வேலை.

பொமரேனியன் போன்ற சின்ன நாய் நடுநடுவே இரண்டடி காலைத் தூக்கிவிட்டுச் சாதாரணமாக நடந்தால், முழங்கால் சில்லு விலகியிருக்கலாம். குதித்து இறங்கிய பிறகு பின்னங்காலை நுனிவிரலில் மட்டும் வைத்தால் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். எதற்கும் முதலில் விரலிடுக்கைப் பாருங்கள், நம் ஊர் விளைகளில் தொட்டாச்சிணுங்கி முள் ஏராளம். காய்ச்சலோடு, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இடுப்பு எக்ஸ்ரேக்கு நாயை மயக்கி மல்லாத்தி, பின்னங்கால்களை நேராக நீட்டி எடுக்க வேண்டும். மயக்காமல் எடுத்த கோணல் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எங்கள் முதல் படம் அப்படித்தான் வீணாயிற்று. பிறகு திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய் என்றால், நாய்களின் இடுப்புப் படத்தைப் பார்த்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, 24 மாதம் முடிந்த பிறகே இறுதிச் சான்று தருகிறது. பென்ஹிப் என்ற இன்னொரு எக்ஸ்ரே முறையில் 16 வாரக் குட்டிக்கே பார்க்கலாம். குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டின் இடுப்புப் படத்தையும் கேளுங்கள். எனக்கு விற்றவரிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பரம்பரை பாதிதான், மீதி நம் கையில். 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றில், 25 சதவீதம் குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. நானோ ஊரார் பேச்சைக் கேட்டுக் கால்சியம் டானிக்கும், தட்டு நிறைய சோறும் சாளைக் குழம்பும் கொடுத்தேன். பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். நமக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

மணியனுக்கு இப்போது ஒன்பது வயது. எடையை 38 கிலோவிலிருந்து 30-க்குக் கொண்டுவந்தோம், அடுக்களை டைல்ஸில் சாக்கு விரித்திருக்கிறோம். இன்று காலை ஒரே தடவையில் எழும்பினான்.